தொட்ட சாதனம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அவனுக்கு விழிப்பு வந்துவிடும். அடிக்கட்டும் என்று படுத்திருந்து, அடித்ததும் நிறுத்துவான். பல் தேய்ப்பான். பாலைக் காய்ச்சிப் பொங்குவதற்குள் அணைப்பான். இரண்டு துண்டு ரொட்டி தின்பான். சட்டைக்கு இஸ்திரி போடுவான், முன்பக்கம் மட்டும். முதுகு நாள் முழுக்க நாற்காலியோடு ஒட்டிக் கிடப்பது, அதற்கு எதற்கு மினுக்கு. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மாமியாரின் போன் வரும்.

“சாப்டீங்களா மாப்ளே?”

“சாப்ட்டேன் அத்தை.”

“என்ன சாப்டீங்க?”

“ரொட்டி.”

“காய்ச்சல்காரன் மாதிரி தினமும் ரொட்டி.” பிறகு குரல் இறங்கும். “அவ கடைசியா என்ன சொன்னான்னு நீங்க சொல்லவே இல்லியே.”

“பஸ் வந்துடுச்சு அத்தை.”

பஸ் வந்திருக்காது.

மனைவி கடைசியாகச் சொன்னது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெற்ற தாயிடம் எடுத்துச் சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம் அலுவலக லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே தங்க எழுத்தில் “நிலுவைக் கோப்புகளை முடித்துவிடுங்கள் - அன்னாரின் இறுதிச் சொற்கள்” என்று எழுதியிருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த சொற்கள் அவை. அதுவரை அவளுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை.

“ஊழியர்கள் இறப்பது நம் நிறுவனத்துக்குப் புதிதல்ல,” என்று தலைவர் அன்று பேசினார். “ஆனால் நிலுவை வைத்துக்கொண்டு இறப்பது வருந்தத்தக்கது. இந்தச் சகோதரி அந்த வருத்தத்தைத் தன் கடைசி மூச்சில் உணர்ந்திருக்கிறார். இது நமக்கெல்லாம் ஒரு பாடம்.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவனும் நின்றான்.

அது இழப்பீட்டு நிறுவனம். வீடு மாறும்போது கட்டில் உடைந்தவர்கள், பீரோ நசுங்கியவர்கள், கண்ணாடி விரிசல் விட்டவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு திரையில் படத்தையும் இன்னொரு திரையில் விண்ணப்பத்தையும் வைத்து, உடைந்தது உண்மையில் உடைந்ததுதானா என்று பார்ப்பது அவன் வேலை. பக்கத்து மேசையில் அவளுக்கும் அதே வேலை. அங்கேதான் பழகினார்கள், அங்கிருந்தே போய்க் கல்யாணம் செய்துகொண்டு, திங்கட்கிழமை அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிரிப்பு வரும்படியான படம் வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுப்பாள். எடுத்தால் கேமரா மாதிரி சத்தம் வரும்படி வேறு வைத்திருந்தாள். க்ளிக். அடுத்த நிமிடம் அவன் திரையில் அந்தப் படமும் கூடவே ஒரு வரியும் வந்து விழும். ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும் சோபாவின் படத்தோடு, “நம்ம தலைவர் மீட்டிங்ல தூங்கற போஸ்.” நடுவில் முறிந்த கட்டிலோடு, “பாவம், இதுவும் புதுசா கல்யாணம் ஆன வீடு போல.” அவன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பான். ஒரு தடவை புரை ஏறி விண்ணப்பம் முழுக்கத் தெறித்தது.

பிறகு அவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் என்றார்கள். இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அலுவலகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

இறந்த ஊழியரின் பொருள்களை என்ன செய்வது என்பதற்கு நிறுவனத்தில் விதி இருந்தது. பொருள்கள் இரண்டு வகைப்படும். ஒன்று பார்த்த சாதனம், மற்றது தொட்ட சாதனம். திரை பார்த்த சாதனம். அதைப் பக்கத்து ஊழியரின் பொறுப்பில் விடலாம். கீபோர்டு, மவுஸ் இவை தொட்ட சாதனங்கள். வாங்கியவர் தாமே நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும் வரை அவற்றை உறையில் இட்டு முத்திரை வைத்து இரும்பு அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும். இறந்தவர் எப்படி வருவார் என்று விதி கேட்கவில்லை. மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டியை யாரும் பார்ப்பதும் இல்லை, தொடுவதும் இல்லை. அது எந்த வகையிலும் சேராததால், அவனுடைய பழைய பெட்டியை எடுத்துவிட்டு அவளுடையதை அவன் மேசைக்கு அடியில் தள்ளினார்கள்.

துக்க விடுப்பு முடிந்து அவன் வந்தபோது பக்கத்து மேசை துடைத்துக் கிடந்தது. அவன் மேசையில் அவனுடைய இரண்டு திரைகளுக்கும் இடப்பக்கம் அவளுடைய திரை நின்றது. அதை அணைக்கும் பொத்தான் எது என்று அவளுக்கு எப்போதும் குழப்பம். அதனால் அதன் மேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். தலைவலிக்காரி என்பதால் வெளிச்சத்தைக் குறைத்து லேசாக மஞ்சள் ஆக்கியிருந்தாள். அவன் எதையும் மாற்றவில்லை. வேலைக்கு இரண்டு திரை போதும். மூன்றாவதில் எதையும் திறக்க மாட்டான். அது மஞ்சளாக, சும்மா, எரிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது திரை வந்த சில வாரங்களில் ஒரு காலை க்ளிக் என்றது.

அவன் கை கன்னத்தில் இருந்தது. எந்த விசையையும் அவன் அமுக்கவில்லை. தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. படமும் வரியும் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தான். படம் வந்தது. மூன்று திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்த மாதிரி ஒரே நீளப் படம், படங்கள் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வரி எதுவும் வரவில்லை.

மதியம் மறுபடி க்ளிக். மறுநாள் இரண்டு தடவை. கீபோர்டைத் துடைத்தான். வேறு கீபோர்டு மாற்றினான். தானாகப் படம் எடுக்கும் நிரல் ஏதாவது ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். திரைகளின் முதுகில் இருந்த வயர்களைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினான். கடைசியில் கீபோர்டையே பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

க்ளிக்.

உதவி மேசைக்கு போன் செய்தான். உதவி மேசை என்பது இரண்டு மாடி கீழே இருக்கும் ஒரு அக்கா. யாரும் அவரைப் பார்த்ததில்லை.

“அணைச்சுப் போட்டீங்களா?” என்றார் அக்கா.

“போட்டேன்.”

“அப்புறமும் எடுக்குதா?”

“எடுக்குது.”

“அப்ப இன்னொரு தடவை போடுங்க.”

“நாலஞ்சு தடவை போட்டுட்டேங்க. எதிர்பாராம எடுக்குது. நான் எதையும் தொடவே இல்ல.”

“எதிர்பாராமன்னு சொல்லிட்டீங்கல்ல, அது வேற பிரிவு. எதிர்பாராத நிகழ்வுன்னா ஒரு நாள் முன்னாடியே எங்களுக்குத் தெரியப்படுத்தணும்.”

“முன்னாடியே தெரிஞ்சா அது எப்படிங்க எதிர்பாராதது?”

“அதைக் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எழுதுங்க. ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வையுங்க. இல்லாட்டி தள்ளுபடி ஆயிடும்.”

வைத்தான். மறுநாள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ரகசிய விண்ணப்பங்கள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு பிரிவுக்கு அனுப்பியது ஏன்? அக்காவிடம் கேட்டான்.

“அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நாங்க கேட்டதை நீங்க அனுப்பினீங்க. நீங்க அனுப்பக்கூடாததை நாங்க கேட்டோம். ரெண்டும் தனித்தனி.”

பெட்டியைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். கணினியின் முன்பக்கம் மென்பொருள் பிரிவுக்கும் பின்பக்கம் வன்பொருள் பிரிவுக்கும் சொந்தம். பக்கவாட்டு யாருடையது என்பதில் இரண்டு பிரிவுக்கும் தகராறு நீண்ட காலமாக நடந்துவந்தது. அதனால் அங்கே படிந்த தூசியைக்கூட யாரும் துடைப்பதில்லை. மென்பொருள் ஆள் முன்பக்கத்தைப் பார்த்து, குற்றமில்லை என்றார். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அதைப் பார்க்கப் பெட்டியைத் திருப்ப வேண்டும். திருப்பப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

“நான் பிடிச்சுத் திருப்பட்டுமா?” என்றான்.

“உங்களுக்கு எதுக்குங்க வம்பு,” என்றார் வன்பொருள் ஆள், உண்மையான அக்கறையோடு. குனிந்து சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் தலைமையில் எதிர்பாராத் திரைப்பிடிப்பு விசாரணைக் குழு அமைந்தது. கணினி சந்தேகத்துக்கு உரியது என்பதால் விசாரணை பற்றிய எதுவும் கணினியில் இருக்கக் கூடாது, எல்லாம் காகிதத்தில்தான் என்று முதல் கூட்டத்தில் முடிவானது. எடுக்கப்பட்ட ஒவ்வொரு படத்தையும் வண்ணத்தில் அச்சிட்டு, மும்மூன்று பிரதி எடுத்துக் கட்டினார்கள். ரகசியம் என்பதால் பூட்டுள்ள இடத்தில் வைக்க வேண்டும். மாடியில் பூட்டு இருந்தது ஒரே ஒரு அலமாரிக்குத்தான். அது அவன் மேசைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், நடைபாதையில் நின்றது. கட்டு அங்கே போனது.

க்ளிக்குகள் அதிகமாயின.

“படத்தை எடுத்தது எந்தத் திரை?” என்று தலைவர் அவனைக் கேட்டார். குழு நீள மேசைக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம்.

“திரை எடுக்கறதில்ல சார். கம்ப்யூட்டர்தான் எடுக்குது. மூணையும் சேத்து ஒரே படம்.”

“மூணு திரை இருக்கு. அப்ப மூணு படம்.”

“ஒரே படம்தான் சார். நீளமா இருக்கும்.”

“நீளத்தைப் பத்தி உங்களை யாரும் கேக்கல. எழுதிக்குங்க, மூணு.”

இப்படி ஒரே நாளில் குற்றம் மூன்று மடங்கானது. மூன்று மடங்கானதால் குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் தேவைப்பட்டார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவன் மேசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு குழுவிடம் திரும்பினார்.

“ஒரு திரை இருக்கற இடத்துல ஒழுக்கம் இருக்கும். ரெண்டு இருந்தா ஒத்துழைப்பு இருக்கும். மூணு வந்துட்டா போட்டிதான் சார். எந்தத் திரை முக்கியம்னு கம்ப்யூட்டருக்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்துலதான் அது அடிக்கடி படம் எடுத்து வெச்சுக்குது. கடைசியா வந்தது எது?”

“இது,” என்றார் தலைவர், சிவப்புப் புள்ளியை விரலால் தட்டி.

“இதுதான்.”

“இதுல எதுவுமே ஓடல சார்,” என்றான் அவன். “சும்மாதான் இருக்கு.”

“சும்மா இருக்கறவங்கதான் தம்பி மத்தவங்களைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க,” என்றார் நிபுணர்.

மூன்றாவது திரையை அகற்றி உடைப்புக்கு அனுப்பலாம் என்று நிபுணர் எழுதிக் கொடுத்தார். உடைப்பு என்றால் உண்மையிலேயே உடைப்பு. தகவல் தங்கியிருக்கலாம் என்று நிறுவனம் திரைகளைச் சுத்தியலால் அடித்துத்தான் வெளியே அனுப்பும்.

அவன் தலைவரின் அறைக்குப் போய் நின்றான். இந்த நிறுவனத்தில் அவன் எதையும் கேட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

“சார், வேணும்னா என் ரெண்டு திரையையும் எடுத்துக்குங்க. அதை மட்டும் விட்டுடுங்க.”

“எதுக்கு?”

நகப்பூச்சு என்றா சொல்வது?

“அது அவளோடது சார்.”

தலைவர் பேனாவை மூடினார். அவருக்கு இரங்கல் பேச்சுப் பேசும் குரல் ஒன்று தனியாக உண்டு. அதை எடுத்தார்.

“தம்பி, உங்க துக்கம் எனக்குப் புரியுது. துக்கத்தை இந்த நிறுவனம் மதிக்குது. அதுக்காகத்தான் சம்பளத்தோட அஞ்சு நாள் கொடுக்கறோம். வேற எங்கயும் மூணு நாள்தான். ஆனா அஞ்சு நாளுக்கு மேல உங்ககிட்ட மிச்சம் இருக்கற துக்கம் இருக்கே, அது உங்க சொந்தத் துக்கம். அதை அலுவலகத்துல வெச்சுக்க அனுமதிக்க முடியாது. இன்னைக்கு உங்களுக்கு ஒரு திரைன்னு விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் நாற்காலி கேப்பார்.” பேனாவை மறுபடி திறந்தார். “ஆனாலும் நான் நியாயமானவன். நேர்முகச் சோதனை வெப்போம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு முழுசும் உங்க நாற்காலிக்குப் பின்னாடி உக்காரும். மூணு திரையும் எரியட்டும். ஒரு மணி நேரத்துக்குள்ள எதிர்பாராதது நடந்தா மூணாவது போகும். நடக்கலேன்னா இருக்கட்டும்.”

வெளியே வந்தவனை, விசாரணைக் கட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று அலமாரிக்காரரிடம் அனுப்பினார்கள். அந்த ஒற்றை அலமாரிதான் அவருடைய உத்தியோகம். சாவியை இடுப்பில் தொங்கவிட்டு, அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“வாங்க தம்பி, உங்க புண்ணியத்துல என் அலமாரி கர்ப்பமா இருக்கு,” என்றார். “தினமும் ரெண்டு மூணு தடவை எடு, வை, எடு, வை. கதவு சாத்த மாட்டேங்குது.”

கட்டை உருவி எடுத்தார். அவன் கையெழுத்துப் போட்டான். அவர் கட்டை மறுபடி உள்ளே செருகி, இரண்டு கையாலும் தள்ளி, அது போகாமல், கதவை மூடி முழங்காலால் ஒரு முட்டு முட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவன் மேசையில், க்ளிக்.

அவன் அப்படியே நின்றான்.

“அண்ணே,” என்றான். “இன்னொரு தடவை சாத்துங்க.”

“சாத்தியாச்சே.”

“திறந்து சாத்துங்க.”

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திறந்தார். முழங்காலால் முட்டினார். க்ளிக்.

“கட்டுக்கு அடியில என்னண்ணே இருக்கு?”

“என்னென்னமோ தொட்ட சாதனம். உங்க கட்டு வர்றதுக்கு முன்னாடி அப்பப்ப என் ரிஜிஸ்டரைத்தான் அதுமேல போட்டு வெப்பேன்.”

கட்டை அவனே தூக்கினான். அதன் கீழே கண்ணாடிக் காகித உறையில் அரக்கு முத்திரையோடு அவளுடைய கீபோர்டு கிடந்தது. வயர் இல்லாத கீபோர்டு. மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருந்த, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஒரே ஒரு விசைமேல் கட்டின் மூலை பதிந்து, உறை அங்கே மட்டும் வெளுத்திருந்தது. விரலை அதன்மேல் வைத்தான். கீபோர்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கி அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் க்ளிக். உறைமேல் ஒட்டியிருந்த சீட்டில் “செயலற்றது” என்று எழுதி, கீழே தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“தொட்ட சாதனத்தைத் தொடக் கூடாது தம்பி,” என்றார் அலமாரிக்காரர்.

மேசைக்கு ஓடினான். தகராறுக்குரிய பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கத்தில், தூசிக்குள், விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு செருகியிருந்தது. அந்தக் கீபோர்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையே இருக்கும் இணைப்பு அது. விசாரிக்க விசாரிக்கக் கட்டு பெருத்தது. கட்டு பெருக்கப் பெருக்க விசை அமுங்கியது. அமுங்க அமுங்க விசாரித்தார்கள்.

அதே மூச்சில் தலைவரிடம் போய்ச் சொன்னான். தலைவர் கடைசி வரை கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார்.

“அந்தக் கீபோர்டு செயலற்றதுன்னு எழுதியிருக்கில்ல?”

“எழுதியிருக்கு சார். ஆனா லைட் மினுக்குது.”

“மினுக்கறது வேற, செயல்படறது வேற. இந்த ஆபீஸ்ல எத்தனை பேர் மினுக்கறாங்க தெரியுமா?”

“நான் பாத்தேன் சார். அமுக்கினா படம் விழுது.”

“நல்லா கேட்டுக்குங்க. நிறுவனத்தோட பூட்டுக்குள்ள இருக்கற பொருள் தப்பு பண்ணினா, அது பூட்டோட தப்பு. பூட்டு போடச் சொன்னது நான். நான் தப்பு பண்ணினதா எந்தக் குழுவும் சொல்லல, ஏன்னா எல்லாக் குழுவுக்கும் நான்தான் தலைவர். அதனால நீங்க கண்டுபிடிச்சது நடந்திருக்கவே முடியாது.” அவர் குரலில் கோபமே இல்லை. “வெள்ளிக்கிழமை பதினோரு மணி. விசாரணைக் கட்டு கொண்டு வரச் சொல்லியிருக்கேன். பக்கம் பக்கமா சரிபாக்கணும்.”

எடுத்து வருவார்கள். சரிபார்த்து முடிந்த பகுதியை உடனுக்குடன் உள்ளே வைப்பார்கள். கதவு சாத்தாது. முழங்கால் முட்டும்.

அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் பெட்டியைத் திருப்பிய தடம் தூசியில் தெரிந்து, அன்று மாலையே யாரோ பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் சேர்த்து முத்திரைக் காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் முழுக்க க்ளிக் வந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்த பிறகும் தலை இடப்பக்கம் திரும்புவது நிற்கவில்லை. அலமாரிக்காரரின் முழங்கால்தான் என்று தெரியும். ஆனால் அமுங்குவது அவள் விரல் பட்டுப் பட்டு எழுத்து மங்கிப்போன விசை. அவளிடமிருந்து இன்னும் வந்துகொண்டிருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான். இதை நிறுத்தினால் திரை இருக்கும், சத்தம் இருக்காது. விட்டால் சத்தம் இருக்கும், அதுவும் சில நாள், பேட்டரி தீரும் வரை. திரை சுத்தியலுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை அலாரம் அடித்ததும் நிறுத்தினான். பால், ரொட்டி. சட்டைக்கு முதுகிலும் இஸ்திரி போட்டான். குழு பின்னால் உட்காரப் போகிறது.

பத்தரை மணிக்கு அலமாரிக்காரரிடம் போனான்.

“கட்டை நான் எடுத்துட்டுப் போறேண்ணே. கனமா இருக்கும்.”

“எடுத்துக்குங்க. என் இடுப்பு போச்சு,” என்று பூட்டைத் திறந்துவிட்டு அவர் நாற்காலிக்குப் போனார்.

கட்டை ஒரு கையால் அணைத்துத் தூக்கினான். மறு கையை உள்ளே விட்டுக் கீபோர்டைத் திருப்பினான். கண்ணாடிக் காகிதம் சரசரத்தது. அடிப்பக்கத்தில் அதை அணைக்கும் ஒரு சின்ன நழுவு பொத்தான் இருக்கும். எங்கே என்று பார்க்காமலே அவனுக்குத் தெரியும். கட்டைவிரல் போய் அதன்மேல் நின்றது. நின்றதே தவிர, நகரவில்லை.

“என்ன தம்பி, மாட்டிக்கிச்சா?”

“இல்லண்ணே.”

கட்டைவிரலை மடக்கி, அந்த விசையை அவனே ஒரு முறை அமுக்கினான். சுவருக்கு அப்பால் க்ளிக் என்றது. கேட்டான். பிறகு உறைக்கு வெளியிலிருந்தே பொத்தானை நகர்த்தினான். மறுபடி அமுக்கினான். பச்சைப் புள்ளி வரவில்லை. சத்தமும் வரவில்லை.

பதினோரு மணிக்குக் குழு உட்கார்ந்தது. நிபுணர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். மூன்று திரைகளும் எரிந்தன. பக்கங்கள் சரிபார்க்கப்பட்டு நடைபாதைக்குப் போயின. இரும்புக் கதவு மோதும் சத்தம் கேட்டது. முழங்கால் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். தலைவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்பாராதது வரவே இல்லை.

பன்னிரண்டு ஆனதும் தலைவர் எழுந்தார். தோற்ற மாதிரி அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“குழுவோட நேரடிப் பார்வை பட்டதுமே முறைகேடு நின்னுபோச்சு,” என்றார். “இதுதான் கண்காணிப்போட சக்தி. திரை இங்கயே இருக்கட்டும். ஒழுங்குக்கு வந்த திரைன்னு எழுதிக்குங்க.” போகும்போது அவன் தோளில் தட்டினார். “உங்க மனைவி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க தம்பி. ஒரு நிலுவை முடிஞ்சுது.”

கைதட்டினார்கள்.

குழு போன பிறகு அவன் உட்கார்ந்தான். மூன்றாவது திரை மஞ்சளாக எரிந்தது. கால் முறிந்த மேசை ஒன்றின் படம் வந்திருந்தது. பார்த்தான். விண்ணப்பத்தைப் பார்த்தான். உடைந்தது உண்மைதான் என்று எழுதினான். மாலை வரை ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் இரண்டு மூன்று தடவை இடப்பக்கம் திரும்பினான்.

இறங்கும்போது லிஃப்ட் பக்கத்துச் சட்டத்தைத் தாண்டினான். தங்க எழுத்துகளை யாரோ புதிதாகத் துடைத்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து மாமியாருக்கு அவனே போன் செய்தான்.

“என்ன மாப்ளே, சாயங்காலத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, அவ கடைசியா சொன்னது.”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

“சொல்லுங்க மாப்ளே.”

“பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. ஆபீஸ்ல போட்டிருக்கற மாதிரி எல்லாம் இல்ல. உங்களைப் பத்தியும் இல்ல, என்னைப் பத்தியும் இல்ல.”

“பரவால்ல. அவ சொன்னதுதானே. சொல்லுங்க.”

பஸ் வந்து நின்றது, உண்மையிலேயே. அவன் ஏறவில்லை.

ஆபரேஷன் அறைக் கதவுவரை அவளைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இதற்குமேல் நீங்கள் வரக் கூடாது என்று நர்ஸ் அவனை நிறுத்தினார். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கிட்டே வா என்று விரலை ஆட்டினாள். அவன் குனிந்தான். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் காதைக் கொடுத்தான். அவள் சொன்னாள்:

“கீபோர்டை ஆஃப் பண்ணாம வந்துட்டேன். நாளைக்கு ஆபீஸ் போனதும் ஆஃப் பண்ணிடு, பேட்டரி வீணாப் போகும். சும்மா மண்டையை ஆட்டாதே, நீ மறந்துடுவே.”